குப்பியை நீட்டுவது யார் கை?

மணிலாவில் ஒரு செய்தி நிறுவனத்தில் உதவி ஆசிரியராக இருக்கிறீர்கள். பத்திரிகையாளர்கள் எல்லோரும் போதைப்பொருள் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. ‘இது பிலிப்பைன்ஸ் அரசியலமைப்புச் சட்டம் தரும் அந்தரங்க உரிமையை மீறாதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். போலீஸ் செய்தி சேகரிக்கும் நிருபர்களுக்கு அடுத்து அரசே இதைக் கட்டாயமாக்கலாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வதாகக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி. சம்பளம் கொடுப்பவர் சோதிக்கலாமா என்பது ஒன்று. செய்தி எழுதுகிறான் என்பதற்காகவே அரசு ஒருவனைச் சோதிக்கலாமா என்பது வேறொன்று. இரண்டிலும் பிளாஸ்டிக் குப்பி ஒன்றுதான். சட்டத்தின் பதில் ஒன்றல்ல.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். அதில் பெரும்பகுதி கப்பல் ஊழியர்களுடையது. கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறைய, சிறுநீர்ப் பரிசோதனையும் நிறைய. அப்படித்தான் மணிலா தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கம் வந்தது. அங்கே வழக்காட எனக்கு உரிமம் கிடையாது. ஆகவே இதைத் தீர்ப்புகளைப் படித்த ஒருவனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள், சட்ட ஆலோசனையாக வேண்டாம்.

முதலில், சந்தேகம் இல்லாத பகுதி. பிலிப்பைன்ஸில் 2002-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், குடியரசுச் சட்டம் எண் 9165. அதன் 36-ஆவது பிரிவுதான் யார் யாரைச் சோதிக்கலாம் என்று சொல்கிறது. உயர்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்கள், அரசு மற்றும் தனியார் அலுவலக ஊழியர்கள், ஆறு ஆண்டுக்கு மேல் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டவர்கள், தேர்தலில் நிற்பவர்கள் என்று பட்டியல் நீளம். பத்திரிகையாளர் என்ற சொல் அதில் இல்லை. மூன்று மனுக்கள் உச்ச நீதிமன்றம் போயின. ஒன்றைப் போட்டவர் செனட்டர் அக்விலினோ பிமென்டல். 2004 தேர்தலுக்கு வேட்பாளர்கள் எல்லோரும் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று தேர்தல் ஆணையம் போட்ட உத்தரவை அவர் எதிர்த்தார். 2008 நவம்பர் 3 அன்று முழு அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாணவர், ஊழியர் சோதனை செல்லும். குற்றம் சாட்டப்பட்டவர், வேட்பாளர் சோதனை செல்லாது.

வேட்பாளர் பகுதி விழுந்த காரணம் பலரும் நினைப்பதுபோல அந்தரங்கம் அல்ல. செனட்டருக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை அரசியலமைப்பே எழுதிவிட்டது; நாடாளுமன்றம் அதில் இன்னொரு தகுதியைச் செருக முடியாது என்றார்கள், அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவர்கள் விஷயத்தில்தான் அந்தரங்கம் நேராக வந்தது. வழக்கில் மாட்டியவரை யாரும் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் உடலிலிருந்து எடுப்பது அவருக்கு எதிராகவே சாட்சியாகும். சோதனை அங்கே வழக்குத் தொடுப்பவரின் கருவியாகிவிடுகிறது என்று நீதிமன்றம் பார்த்தது. 2014-இல் இதே கோட்டில் இன்னொரு தீர்ப்பு வந்தது. மிரட்டிப் பணம் பறித்ததாகக் கைதான ஒரு போலீஸ்காரரிடம் சிறுநீர் வாங்கிப் போதைப்பொருள் வழக்கும் போட்டிருந்தார்கள். பணம் பறித்ததற்கும் சிறுநீருக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி அவரை விடுவித்தது நீதிமன்றம்.

இப்போது ஊழியர் பகுதிக்கு வருகிறேன், உங்கள் சுற்றறிக்கை நிற்பது அதன் மேல்தான். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் எதிர்பார்க்கக்கூடிய அந்தரங்கம் வீட்டில் இருப்பதைவிடக் குறைவு என்று 2008 தீர்ப்பு சொல்கிறது. நிறுவன விதிகள், தொழிற்சங்க ஒப்பந்தம், ஒழுங்கை நிலைநாட்டும் முதலாளியின் உரிமை ஆகியவை அதைக் குறைக்கின்றனவாம். இந்தப் பார்வை அமெரிக்காவிலிருந்து வந்தது. பள்ளி விளையாட்டு வீரர்களைச் சோதித்த ஓரிகன் வழக்கு (1995), பாடத்துக்கு வெளியே பாட்டு, போட்டி என்று எதில் சேர்ந்த மாணவரையும் சோதித்த ஓக்லஹோமா வழக்கு (2002) இரண்டையும் மணிலா நீதிபதிகள் எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இடத்தில் நின்று பள்ளி எடுத்த முடிவை, நாற்பது வயது துணையாசிரியருக்குப் பொருத்துவது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் எனக்கு உவப்பில்லை என்பதால் தீர்ப்பு மாறாது. தனியார் நிறுவன ஊழியர் என்ற முறையில் ‘சோதனையே அரசியலமைப்புக்கு விரோதம்’ என்று நீங்கள் மணிலாவில் வாதாடினால், 2008-ஐக் காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பு சும்மா அனுமதி கொடுத்துவிடவில்லை. அது ஏன் சரி என்று நீதிபதிகள் அடுக்கிய காரணங்கள் ஒவ்வொன்றும் நிபந்தனைதான். சோதனை குலுக்கல் முறையில் இருக்க வேண்டும், யாரும் தனித்துக் குறிவைக்கப்படக் கூடாது. ஊழியருக்கு முன்பே விதி தெரிந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் செய்ய வேண்டும், முதல்கட்டச் சோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்தால் உறுதிப்படுத்தும் சோதனை வேண்டும், முடிவு தெரிய வேண்டியவருக்கு மட்டும் தெரிய வேண்டும். சட்டத்தின் வாசகமே ‘நிறுவனத்தின் பணி விதிகளில் உள்ளபடி’ என்றுதான் ஊழியர் சோதனையைச் சொல்கிறது. விதிப் புத்தகத்தில் இல்லாத சோதனையை நேற்று இரவு மின்னஞ்சலில் அறிவித்தால் அதற்கு இந்தப் பிரிவு துணை வராது. செலவும் முதலாளியுடையது. உங்களிடம் ஆய்வகக் கட்டணம் கேட்டால் அப்போதே சந்தேகப்படுங்கள்.

நடைமுறையில் ஊழியர்கள் ஜெயிப்பது இந்த இடங்களில்தான். அரசியலமைப்பு வாதம் தோற்ற நாட்டில் ஆய்வக முத்திரை வாதம் ஜெயிக்கிறது. ஒரு கப்பல் கம்பெனி அங்கீகாரம் இல்லாத மருத்துவ நிலையத்தில் சோதனை செய்து, உறுதிப்படுத்தாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு விடுதி வழக்கு. அதில் உறுதிப்படுத்தும் சோதனையின் முடிவு, முதல்கட்டச் சோதனை முடிவுக்கு முன்னாலேயே வந்திருந்தது! பிள்ளை பிறக்கும் முன்பே பெயர்சூட்டு விழா நடத்திய கதை. அதுவும் விழுந்தது. 2014-இல் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு ஒன்று: குலுக்கலில் பெயர் வந்த ஒருவர் சோதனைக்கு வரவில்லை. இஸ்ரேலில் மனைவி வேலை பார்க்கும் இடத்தருகே குண்டு வெடித்ததாகப் போன் வந்தது, அதில் ஓடினேன் என்றார். ‘நியாயமற்ற மறுப்பு’ என்று கம்பெனி நீக்கியது. எது நியாயமற்ற மறுப்பு என்று உங்கள் விதியே தெளிவாகச் சொல்லவில்லையே என்று கேட்டு, அந்த நீக்கத்தையும் செல்லாது என்றார்கள் நீதிபதிகள்.

உங்கள் துறைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. சட்டம் ‘அதிகாரிகள், ஊழியர்கள்’ என்கிறது. பிலிப்பைன்ஸ் ஊடகத்தில் பாதிப் பேர் காகிதத்தில் ஊழியர்களே அல்ல. மாகாண ஸ்ட்ரிங்கர்கள் (செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேர நிருபர்கள்), வானொலியில் நேரம் வாங்கி நிகழ்ச்சி நடத்துபவர்கள், ‘டேலண்ட்’ என்ற பெயரில் ஒப்பந்தம் போட்ட தொலைக்காட்சி முகங்கள். 2004-இல் ஒரு பெயர்பெற்ற தொகுப்பாளரை உச்ச நீதிமன்றம் சுதந்திர ஒப்பந்ததாரர் என்றது. 2007-இல் இன்னொரு செய்தி வாசிப்பாளரை நிரந்தர ஊழியர் என்றது. நான்காவது முறை புதுப்பித்த ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு சலுகை கேட்கும்போது ‘நீ ஊழியன் இல்லை’ என்பார்கள், குப்பியை நீட்டும்போது மட்டும் ‘நீ எங்கள் ஊழியன்’ என்பார்கள். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. நீங்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர் என்றால் இந்த முரணை எழுத்தில் பதிவு செய்யுங்கள். சோதனையிலிருந்து தப்பிக்காவிட்டாலும், வேறொரு நாள் பணப்பயன் வழக்கில் அது கைகொடுக்கும்.

இனி அரசு. இங்கேதான் என் பதில் தலைகீழாகிறது.

உரிமைகளின் பட்டியல் அரசின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்டது, தனியாரின் கையை அல்ல என்பது மணிலாவில் 1991 முதல் உறுதியான விதி. பார்சல் அனுப்பும் கடைக்காரர் ஒருவர் சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறந்தார், உள்ளே கஞ்சா இருந்தது. திறந்தவர் போலீஸ் அல்ல என்பதால் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு அங்கே எழவில்லை. இந்த விதியைத் திருப்பிப் பாருங்கள். நீட்டும் கை அரசுடையதானால் முழுக் கவசமும் எழுந்து நிற்கும். ஒரு சட்டமோ அமைச்சக உத்தரவோ ‘பத்திரிகையாளர்கள்’ என்று பெயர் சொல்லிச் சோதனை கேட்டால், அது நியாயமற்ற சோதனைக்கு எதிரான மூன்றாம் பகுதி இரண்டாம் பிரிவில் மட்டும் மோதாது. பேச்சு, பத்திரிகைச் சுதந்திரம் சொல்லும் நான்காம் பிரிவிலும் மோதும். விளம்பரப் பிரிவை விட்டு, கணக்குப் பிரிவை விட்டு, எழுதுபவரை மட்டும் ஏன் என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும்.

என்ன பதில் சொல்லும்? பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரயில் ஊழியர்களைச் சோதிக்கலாம் என்றது, ஒரு நொடித் தடுமாற்றத்தில் நூறு பேர் சாகலாம் என்பதால். அதே நாளில் துப்பாக்கி ஏந்தும், கடத்தலைத் தடுக்கும் சுங்க ஊழியர்களையும் சோதிக்கலாம் என்றது. நிருபர் ரயில் ஓட்டவில்லை. (செய்தி வேன் ஓட்டுநரைச் சோதியுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.) சரி, ‘முன்மாதிரியாக இருக்க வேண்டும்’ என்று சொல்லலாமா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தேர்தல் வேட்பாளர்கள் விஷயத்தில் இதைத்தான் சொன்னது. 1997-இல் எட்டு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஆபத்து உண்மையில் இருக்க வேண்டும், வெறும் அடையாளத்துக்காக உடலைச் சோதிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அமெரிக்கத் தீர்ப்பு மணிலாவைக் கட்டாது. ஆனால் 2008-இல் மாணவர், ஊழியர் சோதனையைக் காப்பாற்ற அதே வரிசைத் தீர்ப்புகளைக் கையிலெடுத்தவர்கள், அந்த வரிசையின் மறுபாதியைக் கண்டுகொள்ளாமல் போவது கடினம்.

பத்திரிகை பக்கத்தில் மணிலாவுக்குச் சொந்த வரலாறே இருக்கிறது, வெளியே போக வேண்டாம். 1982 டிசம்பரில் சர்வாதிகாரி மார்க்கோஸ் காலத்து ராணுவம் ‘வி ஃபோரம்’ பத்திரிகையின் அச்சகத்தில் நுழைந்து எல்லாவற்றையும் அள்ளிச் சென்றது. 1984-இல், மார்க்கோஸ் இன்னும் பதவியில் இருக்கும்போதே, உச்ச நீதிமன்றம் அந்தச் சோதனை வாரண்டுகளைச் செல்லாதவை என்றது. அச்சகத்தை மூடி வைத்தது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு முன்தடை போட்டதற்குச் சமம் என்றும் சொன்னது. சோதனைக்கு எதிரான உரிமையும் பத்திரிகை உரிமையும் ஒரே வழக்கில் கைகோத்தது அப்போது. 2008 பிப்ரவரியில் இன்னொரு படி. ஒரு தொலைபேசி உரையாடல் ஒலிப்பதிவை ஒலிபரப்பினால் உரிமம் போகும் என்று நீதித்துறை அமைச்சரும் தொலைத்தொடர்பு ஆணையமும் எச்சரித்திருந்தார்கள். எழுத்தில் உத்தரவு இல்லை, செய்தி அறிக்கையும் வாய்ப்பேச்சும்தான். அந்த எச்சரிக்கையே அரசியலமைப்புக்கு எதிரானது என்றது நீதிமன்றம். ஆகவே ‘நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை, வேண்டுகோள்தான் விடுத்தோம்’ என்று அதிகாரிகள் நழுவும் வாசலும் ஓரளவு அடைபட்டிருக்கிறது.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் உறுதியாகப் பேச முடியாத இடம் இதுதான். அமைச்சகமோ போலீஸ் தலைமையகமோ தன் வளாகத்துக்குள் நுழைய அங்கீகார அட்டை கொடுக்கிறது. அந்த அட்டைக்கு ‘நெகட்டிவ்’ சான்றிதழ் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால்? யாரையும் வற்புறுத்தவில்லை, வேண்டாதவர் வராமல் இருக்கட்டும் என்பார்கள். அல்லது நிருபர்களின் சங்கமே ‘நாங்களாக முன்வந்து’ என்று முகாம் நடத்தும். 2008 தீர்ப்பு இந்த நிலத்தைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. நுழைவதற்கு நிபந்தனை விதிக்கும் உரிமை வளாகத்தின் சொந்தக்காரருக்கு உண்டு என்பது ஒரு பக்கம். ஒரு உரிமையைப் பயன்படுத்த இன்னொரு உரிமையை விலையாகக் கேட்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது மறுபக்கம். நான் நீதிபதியாக இருந்தால் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். நான் நீதிபதி இல்லை.

இங்கே காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2008 தீர்ப்பு எழுதப்பட்டபோது ‘பாசிட்டிவ்’ என்றால் சிகிச்சை, எச்சரிக்கை, மிஞ்சிப்போனால் வேலையிழப்பு. 2016 ஜூலைக்குப் பிறகு அந்தச் சொல்லின் கனமே மாறியது. அப்போதைய அதிபர் டுடெர்டே போதைப்பொருளோடு தொடர்புடையவர்கள் என்று மேடையில் நின்று பெயர்ப் பட்டியல் வாசித்தார். போலீஸ் நடவடிக்கைகளில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதை அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது. 2025 மார்ச்சில் அவர் கைதாகித் தி ஹேக் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். ஒரு பட்டியலில் பெயர் வருவது உயிர்போகும் விஷயமாக இருந்த ஊரில், சோதனை எவ்வளவு ‘சிறிய’ தலையீடு என்று அளப்பதற்கு முடிவு எங்கே போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும். தென் கரோலினாவில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து மருத்துவமனை போலீசுக்குக் கொடுத்தது. சம்மதமில்லாமல் அப்படிச் செய்தது செல்லாது என்று 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் இதுவே காரணம், குப்பி ஆஸ்பத்திரியில் தொடங்கிப் போலீஸ் நிலையத்தில் முடிந்தது. உங்கள் மனிதவளத் துறையிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதுதான்: முடிவை யார் யார் பார்ப்பார்கள், நிறுவனத்துக்கு வெளியே போகுமா? 2012-ஆம் ஆண்டுத் தரவு அந்தரங்கச் சட்டத்தில் உடல்நலத் தகவல் கூடுதல் காப்புள்ள வகை. அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

‘வேறு நாட்டில் ஊடக நிறுவனத்தை யாராவது கேள்வி கேட்டிருக்கிறார்களா?’ என்றும் கேட்டிருந்தீர்கள். கலிபோர்னியாவில் கேட்டார்கள். அந்த மாநில அரசியலமைப்பில் 1972 முதல் அந்தரங்கம் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது, அது தனியார் நிறுவனங்களையும் கட்டும் என்பது அங்கே உள்ள விசேஷம். லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸின் தாய் நிறுவனமான டைம்ஸ் மிரருக்குச் சொந்தமாகச் சட்ட நூல் பதிப்பகம் ஒன்று இருந்தது. வேலைக்கு வந்தவர்களிடம் அது போதைப்பொருள் சோதனை கேட்டது, மறுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமை தனியாரையும் கட்டும்தான், ஆனால் வேலைக்கு மனுப் போடும்போது சோதனை வரும் என்று தெரிந்தே வருகிறவரிடம் கேட்பது மீறல் ஆகாது என்றது. மனுதாரருக்கும் ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கும் அங்கே வித்தியாசம் பார்க்கிறார்கள். உங்களுக்கு நேரடிப் பயன் இல்லை, ஆனால் வாதத்தின் வழி தெரியும். நம் புட்டசாமி தீர்ப்பை (2017) அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்புதான், ஆனாலும் மணிலாவில் அதற்கு மேற்கோள் மதிப்பு மட்டுமே.

கடைசியாக, சட்டம் அல்லாத ஒரு விஷயம். கப்பல் வழக்குகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். முதல்கட்டச் சோதனை ஒரு வடிகட்டி மட்டுமே. சளி மாத்திரையில் இருக்கும் சூடோஎபிட்ரின், சில மனச்சோர்வு மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் லேபட்டலால் போன்றவை ஆம்ஃபெட்டமின் வகை என்று காட்டிவிடலாம். மணிலாவில் தேடுவது பெரும்பாலும் ஷாபு எனும் மெத்தாம்ஃபெட்டமினையும் கஞ்சாவையும்தான் என்பதால் இது முக்கியம். நம் குருமாவில் அரைத்து விடும் கசகசாகூட அபின் வகைச் சோதனையில் தலைகாட்டும்; அதனால்தான் அமெரிக்க அரசு 1998-இல் அந்த வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000-க்கு உயர்த்தியது. கஞ்சாவோ, தொடர்ந்து பிடித்தவர் உடலில் வாரக்கணக்கில் தடயம் விட்டிருக்கும். சோதனை சொல்வது எப்போதோ உடலில் போனதைத்தான். இன்று காலை மேஜையில் உட்கார்ந்தபோது தள்ளாடினாரா என்பதை அது சொல்லாது. ஆகவே குப்பியை வாங்கும் முன்பே, கடந்த சில வாரங்களில் சாப்பிட்ட மருந்துகளைப் படிவத்தில் எழுதி, மருத்துவர் சீட்டின் நகலை இணைத்து, உங்களிடமும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயரை மேலாளரிடம் சொல்ல வேண்டியதில்லை, ஆய்வக மருத்துவரிடம் சொன்னால் போதும். கையெழுத்துப் போடுமுன் விதிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பக்கம் இல்லை என்றாலோ, செய்திப் பிரிவுக்கு மட்டும்தான் என்றாலோ, சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு மணிலாவில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.